நடுக்குவாதமும் அவரை விதையும்

1817ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் 66 பக்கங்கள் கொண்ட சிறுநூலொன்று வெளிவந்தது. நடுக்குவாதம் பற்றிய ஒரு கட்டுரை என்பது அதன் பெயர்ப்பொருள். இயற்றியவர் ஜேம்ஸ் பாக்கின்சன் என்னும் வைத்தியர். 1755இல் ஹொக்ஸ்டன் என்ற பகுதியிற் பிறந்து, தந்தையார் செய்த தொழிலையே தாமும் மேற்கொண்டு, அவ்வயலிலேயே முதுமையெய்தியவர் அவர். பல்கலைக்கழகப் பேராசிரியருமல்லர், அரசமாளிகைக்குச் சென்று மருந்து கொடுத்த பெருமையுடையவருமல்லர். அந்நூலுக்கு ஆதாரமாக அவர் கண்ட நோயாளர் அறுவரே. அவ்வறுவருள்ளும் மூவர் தெருவிலே தற்செயலாகக் கண்ணிற்பட்டவர்கள். அம்மூவருள் ஒருவரை எட்டத்தில் நின்று நோக்கினாரேயன்றி அவருடன் ஒரு வார்த்தையேனும் பேசினாரில்லை.

இவ்வளவு சொற்பமான ஆதாரத்தைக் கொண்டு அவர் வரைந்த சித்திரமோ இரு நூற்றாண்டுகள் கடந்தும் அழியாது நிற்கின்றது. வேலையின்றி மடிமேற் கிடக்கும் கை நடுங்குகின்றது. அதே கை ஒரு பொருளைப் பற்ற எழும்பொழுது நடுக்கம் சற்றே தணிகின்றது. உடல் முன்னோக்கி வளைகின்றது. நடக்கத் தொடங்கியவர் தம் விருப்பத்துக்கு மாறாக ஓட்டமும் நடையுமாக உந்தப்படுகின்றார். நாளடைவில் உணவை வாய்க்குக் கொண்டு செல்லவும் பிறர் கை வேண்டியதாகின்றது. புலன்களும் அறிவும் பழுதின்றியே இருக்கும் என்றும் பாக்கின்சன் எழுதினார். இவ்வொன்றிலே பிற்கால ஆராய்ச்சி அவரைத் திருத்தியுள்ளது. நோய் முதிர்ந்தவர் பலரிடத்து நினைவும் சிந்தையும் தளர்வதுண்டு. ஆயினும் நோயின் பெரும்பகுதிக் காலத்துக்கு அவர் கூற்று பொருந்துவதே. உள்ளே முழுமையாக விழித்திருக்கும் ஒருவர், தம் ஏவலைக் கேளாத உடலினுள்ளே அடைபட்டிருத்தலே இந்நோயின் கொடுமை.

பாக்கின்சனின் வாழ்க்கை வேறு வகையிலும் சுவையானது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலே 'முதிய ஹியூபேட்' என்னும் புனைபெயரில் ஏழைகளின் வாக்குரிமைக்காகத் துண்டுப்பிரசுரங்கள் எழுதினார். மூன்றாம் ஜோர்ஜ் மன்னரை நச்சு அம்பெய்து கொல்லச் சதி செய்தனர் எனச் சிலர் குற்றஞ்சாட்டப்பட்டபோது, 1794இல் அரச ஆலோசனைச் சபையின் முன்னே நின்று சாட்சியளிக்கவும் நேர்ந்தது. பூமியிற் புதையுண்ட பண்டை உயிர்ச்சுவடுகளைப் பற்றி மூன்று பெரிய தொகுதிகள் எழுதினார். 1807இல் இலண்டனிற் புவியியற் சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். அவர் வாழ்ந்த காலத்தில் இந்நூல்களே அவருக்குப் புகழ் தந்தன. இன்று புத்தகங்களில் அவர் முகமெனக் காட்டப்படும் தாடிவைத்த மனிதரின் புகைப்படம் அவருடையதன்று. 1824இல் அவர் மறைந்தபோது மனிதரைப் புகைப்படம் பிடிக்கும் கலையே உலகில் இருக்கவில்லை. ஐயத்துக்கிடமற்ற அவருடைய உருவப்படம் ஒன்றேனும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அந்நோய்க்கு அவர் பெயரைச் சூட்டிய பெருமை பிரான்சு தேசத்துச் சாள்க்கோவுக்கு உரியது. பாரிஸ் நகரத்துச் சல்ப்பெத்ரியேர் வைத்தியசாலையிலே ஆயிரக்கணக்கான வறிய மூதாட்டியர் வாழ்ந்திருந்தனர். அவர்களை நாள்தோறும் நோக்கிய சாள்க்கோ, நடுங்குவோர் யாவரும் ஒரே நோயினர் அல்லர் என்று பிரித்துணர்ந்தார். நடுக்கமின்றியும் இந்நோய் வரலாம் என்றும், தசைகளின் விறைப்பும் அசைவின் தாமதமும் இதன் தனிக்குறிகள் என்றும் மாணவர்க்குக் காட்டினார். நடுக்குவாதம் என்னும் பெயர் பொருந்தாமையின் 'பாக்கின்சன் நோய்' என வழங்குதல் தகும் என்றார். அவர் கையாண்ட மருந்துகள் ஊமத்தையின் இனத்தைச் சேர்ந்த செடிகளிலிருந்து எடுக்கப்பட்டவை; ஓரளவு பயன் தந்தன.

சாள்க்கோவின் மற்றொரு முயற்சியும் நினைவுகூரத்தக்கது. குதிரை வண்டியிலோ புகையிரதத்திலோ நெடுந்தூரம் குலுங்கிச் சென்றபின் தம் உடல் இலகுவாக இருப்பதாக நோயாளர் சிலர் கூறினர். அச்சொல்லை அவர் அலட்சியஞ் செய்யாது, குலுங்கும் நாற்காலியொன்றைச் செய்வித்து அதில் அவர்களை அமர்த்திப் பார்த்தார். 2012இல் அமெரிக்க ஆய்வாளர் இதனை மீண்டும் சோதித்தனர். குலுங்கும் நாற்காலியில் அமர்ந்தோரும் குலுங்காத நாற்காலியில் அமர்ந்தோரும் ஒரேயளவாகவே தேறினர். அந்நாற்காலியின் மகிமை அவ்வளவே. எனினும் நோயாளியின் வாய்மொழியைச் சோதனைக்குரிய சான்றாக மதித்த மனப்பாங்கு வைத்திய உலகிற் பின்னரும் எளிதிற் காணக்கிடைத்ததன்று.

நோயின் இருப்பிடம் எது என்பது அடுத்த வினா. 1912இல் பிரெடரிக் லூவி என்னும் ஜேர்மானியர், இறந்த நோயாளரின் மூளைக்கலங்களினுள்ளே வட்டமான நுண்ணிய திரட்சிகளைக் கண்டார். 1919இல் பாரிஸிலே ட்ரெத்தியாக்கோவ் என்னும் இளைஞர் தம் பட்ட ஆய்விலே வேறொன்றைச் சுட்டினார். நடுமூளையில் இருபுறமும் கருநிறமான சிறு பட்டையொன்று உண்டு. இந்நோயினால் இறந்தோரிடத்து அப்பட்டை வெளிறிப்போயிருந்தது. அதன் கலங்கள் அழிந்திருந்தன. மூளையின் மேற்பரப்பையே அறிவின் ஆசனமாக எண்ணியிருந்த அறிஞர் பலர், விரலகலமும் இல்லாத ஒரு பட்டை மனிதனின் நடையையும் முகபாவத்தையும் ஆள்கின்றது என்பதை ஏற்கத் தயங்கினர். அவர் கூற்று உறுதிப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.

இங்கே கதை மூளையை விட்டு அவரைக்கொடிக்குச் செல்லவேண்டியுள்ளது. 1913இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்திலே மார்க்கஸ் குக்கன்ஹைம் என்னும் இரசாயன அறிஞர், ஐரோப்பியர் உண்ணும் ஒருவகை அவரையின் விதையிலிருந்து அமினோவமிலம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். இன்று லெவோடோபா என வழங்குவது அதுவே. அதன் இயல்பை அறியும் ஆவலினால் 2.5 கிராம் அளவைத் தாமே விழுங்கினார்; கடுமையாக வாந்தியெடுத்தார். வேறு பயன் எதுவும் அவருக்குப் புலப்படவில்லை. 1937இல் தாமோதரன், இராமசுவாமி என்னும் இருவர் சென்னையிலே பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து ஆங்கில ஆய்விதழிற் பதிப்பித்தனர். மேனியிற் பட்டாற் பொறுக்கவொண்ணாத சொறியை உண்டாக்கும் சுணையுடைய அக்கொடியை நம் நாட்டுப்புறத்துச் சிறுவரும் அறிவர். அதன் விதையைச் சுதேச வைத்தியர் பாலிற் புடமிட்டு உடலுரத்துக்காகவும் நரம்புத் தளர்ச்சிக்காகவும் நெடுங்காலமாக வழங்கிவந்தனர். கம்பவாதம் என்னும் நடுக்கநோயை ஆயுர்வேத நூல்கள் அறிந்திருந்தன என்பதும் உண்மையே. ஆனால் இவ்விரண்டையுங் கூட்டி, மூளையின் இரசாயனம் முழுவதையும் நம் முன்னோர் கண்டிருந்தனர் என மேடையேறிப் பேசுவோர் வரலாற்றுக்கு வஞ்சனை செய்கின்றனர். அன்றைய நிலையில், பாசலும் அறியவில்லை, சென்னையும் அறியவில்லை, வைத்தியரின் மருந்துப்பெட்டியும் அறியவில்லை. மருந்து இருந்தது, எதற்கான மருந்து என்னும் அறிவு இருக்கவில்லை.

அவ்வறிவு 1957இல் சுவீடன் தேசத்து முயல்கள் சிலவற்றின் வாயிலாக வந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் சர்ப்பகந்தி வேரிலிருந்து ரெசர்ப்பீன் என்னும் மருந்து 1952இற் பிரித்தெடுக்கப்பட்டு, இரத்த அழுத்தத்துக்கும் சித்தப்பிரமைக்கும் வழங்கப்பட்டுவந்தது. அதனை உட்கொண்டோரிற் சிலர் பாக்கின்சன் நோயாளர்போல விறைத்தனர். லுண்ட் நகரத்து ஆவிட் காள்சன் அம்மருந்தை முயல்களுக்கு ஏற்றினார். அவை செவிகள் துவண்டு அசைவற்றுக் கிடந்தன. பின்னர் அவரை விதையின் சத்தாகிய லெவோடோபாவை ஏற்றினார். சிறிது நேரத்தில் அவை செவிநிமிர்த்தி எழுந்தோடின. லெவோடோபா மூளையினுள்ளே டோபமீன் என்னும் பொருளாக மாறுகின்றது என்றும், டோபமீன் வெறும் இடைநிலைப் பொருளன்று, நரம்புக்கலமொன்று மற்றொன்றுக்குச் செய்தியுரைக்கும் தூது என்றும் காள்சன் முடிவுசெய்தார். 1960இல் இலண்டனிற் கூடிய அறிஞர் சபை இதனை நம்ப மறுத்தது. அச்சபையின் மூத்தவரும் நோபல் பரிசு பெற்றவருமான சேர் ஹென்றி டேல், லெவோடோபாவை ஒரு நஞ்சென்றே கருதினார் எனக் காள்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

அவ்வாண்டிலேயே வியன்னாவில் ஒலே ஹோர்னிக்கீவிச் என்னும் இளம் ஆய்வாளர், தம் துணைவர் ஏரிங்கருடன், இறந்தோரின் மூளைகளைச் சோதித்தார். பாக்கின்சன் நோய்க்குறிகளோடு இறந்தோர் அறுவரின் மூளைகளும் நோயற்றோரின் மூளைகளும் ஒப்பிடப்பட்டன. டோபமீன் இருக்குமாயின் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும் சோதனை அது. நோயற்றோரின் மூளைச்சாறு சிவந்தது. நோயாளரின் சாறோ நிறமேறாது நின்றது. கருவியொன்றும் வேண்டாது வெறுங்கண்ணாலேயே வேறுபாடு தெரிந்தது. குறைவது எது என்பது தெரிந்துவிட்டது. டோபமீனை நேரே கொடுத்தால் அது மூளையினுட் புகாது, லெவோடோபா புகும். ஆகவே ஹோர்னிக்கீவிச், முதியோர் வைத்தியசாலையொன்றிற் பணிபுரிந்த வால்ற்றர் பேர்க்மாயரை அணுகி, இப்பொருளை நோயாளர்க்கு ஏற்றிப் பார்க்கும்படி வேண்டினார். பேர்க்மாயர் மாதக்கணக்காகக் காலந்தாழ்த்தினார். 1961 யூலையிலேதான் முதல் ஊசி ஏற்றப்பட்டது. படுக்கையில் எழுந்தமர இயலாதிருந்தோர் எழுந்தனர், அமர்ந்திருந்தோர் நின்றனர், நின்றோர் நடந்தனர். வார்த்தை தெளிவின்றிக் குழறியவர்கள் தெளிவாகப் பேசினர். சில மணி நேரத்தின்பின் பழைய நிலை மீண்டது. ஆயினும் அச்சில மணி நேரம் வைத்திய வரலாற்றில் ஒரு யுகமாற்றம் எனலாம். சிதைவுறும் மூளைநோய் ஒன்றிலே, குறைந்த பொருள் இன்னதெனக் கண்டு அதனை மீளக் கொடுத்து நோயாளியை எழுப்பியது அதுவே முதல் முறை.

இருந்தும் மருந்து வழக்கத்துக்கு வர மேலும் ஆறாண்டு சென்றது. பலர் சிறிதளவு கொடுத்துப் பயன்காணாது கைவிட்டனர். அமெரிக்காவில் ஜோர்ஜ் கொட்சியாஸ் என்னும் கிரேக்கரே பொறுமையோடு முயன்றார். நாளுக்குச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக அளவை உயர்த்தினால் வாந்தியும் மயக்கமும் பொறுக்கத்தக்க அளவினவாகும் என்றும், அளவு கிராம்கணக்கிற் சென்றாலே நிலையான பயன் விளையும் என்றும் 1967இல் நிலைநாட்டினார். நிதானமே அவர் கண்டுபிடிப்பு என்றாலும் மிகையாகாது. 1970இல் அமெரிக்க அரசு மருந்தை அங்கீகரித்தது. மூளைக்கு வெளியே லெவோடோபா வீணே மாறிப்போவதைத் தடுக்கும் காபிடோபா, பென்சரசைட் என்னும் துணைமருந்துகள் 1970களிற் சேர்ந்தன. வாந்தி தணிந்தது, வேண்டிய அளவும் பெரிதும் குறைந்தது. இன்றும் உலகெங்கும் இந்நோயாளர் கையிலுள்ள முதற் குளிசை இதுவே.

ஆனால் குளிசை நோயைத் தீர்க்கவில்லை. கருநிறப் பட்டையின் கலங்கள் மேலும் மேலும் அழிகின்றன. சில ஆண்டுகள் சென்றபின் ஒரு வேளை மருந்தின் பயன் அடுத்த வேளைக்கு முன்னரே அற்றுப்போகின்றது. பயன் உச்சத்தில் நிற்கும்பொழுதோ கைகாலும் உடலும் தம்பாட்டில் நெளிந்தாடுகின்றன. அசைவின்மைக்கும் மிகையசைவுக்கும் இடையே நோயாளர் ஒரு நாளிற் பலமுறை எறியப்படுகின்றனர். 1916 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக்காலம் உலகைச் சூழ்ந்த உறக்கமூளைக்காய்ச்சலினால் உறைந்து, பல்லாண்டுகளாக நியூயோர்க் வைத்தியசாலையொன்றிற் கிடந்தோருக்கு 1969இல் இம்மருந்தைக் கொடுத்த ஒலிவர் சாக்ஸ், அவர்களின் விழிப்பையும் பின்வந்த துன்பத்தையும் 1973இல் 'விழிப்புகள்' என்னும் நூலாக வடித்தார்.

2000ஆம் ஆண்டின் நோபல் பரிசு காள்சனுக்கும் வேறிருவருக்கும் வழங்கப்பட்டது. ஹோர்னிக்கீவிச்சின் பெயர் அதிலே இல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட நரம்பியல் அறிஞர்கள் மறுத்துக் கையொப்பமிட்டு எழுதினர். முயலைக் கொண்டு கண்ட உண்மையை மனிதனின் மூளையிற் காட்டி மருந்தாக்கியவரை விடுத்தது நீதியன்று என்னும் அவர்கள் வாதத்தை மறுத்தல் எளிதன்று. 2020இல் ஹோர்னிக்கீவிச் வியன்னாவிற் காலமானார்.

சத்திரவைத்தியமும் இதற்கிடையே தன் வழியிற் சென்றது. அதன் திருப்பங்கள் பலவும் தற்செயலால் விளைந்தவை. 1952இல் நியூயோர்க்கில் ஏர்விங் கூப்பர் சத்திரசிகிச்சை செய்கையில் மூளையின் சிறு நாடியொன்று கிழிந்துவிட்டது. அதனைக் கட்டிவிட்டுச் சத்திரசிகிச்சையை நிறுத்தினார். நோயாளி கண்விழித்தபோது நடுக்கம் நீங்கியிருந்தது. அதன்பின் மூளையின் ஆழத்திற் சிறு பகுதியை வேண்டுமென்றே அழிக்கும் முறைகள் பரவின. லெவோடோபா வந்ததும் அவை அருகின. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்திலே அலீம் லூயி பெனாபித், அழிக்குமுன் இடத்தைச் சரிபார்க்க மின்வாயினூடே மின்னைச் செலுத்தும்போது, செக்கனுக்கு நூறு துடிப்பு என்ற அளவில் நடுக்கம் சட்டென நின்றுவிடுவதைக் கண்டார். மின்னை நிறுத்தினால் நடுக்கம் மீளும். அங்ஙனமாயின் அழிப்பதேன்? மின்வாயை உள்ளே நிலையாக வைத்து, மார்பின் தோலுக்கடியில் மின்கலத்தைப் பதித்துவிட்டார். 1993இல் கிரெனோபிள் வைத்தியர் மின்வாயை மற்றொரு சிறு கருவினுள் வைத்தபோது விறைப்பும் தாமதமும் குறைந்தன. நோயாளியின் மூளை அலைகளைத் தானே உணர்ந்து மின்னைக் கூட்டிக் குறைக்கும் கருவி 2025இல் அமெரிக்காவிலே அங்கீகாரம் பெற்றது.

அந்தச் சிறு கருவைத் தேர்ந்ததன் பின்னேயும் ஒரு துயரக்கதை உண்டு. 1982இல் கலிபோர்னியாவிலே இளைஞர் சிலர் திடீரெனச் சிலையாக உறைந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். கள்ளத்தனமாகச் செய்த போதைப்பொருளை ஊசியால் ஏற்றியவர்கள் அவர்கள். அதிலே தவறிக் கலந்துபோன நச்சுப்பொருள் கருநிறப் பட்டையைச் சில நாட்களில் அழித்திருந்தது என வில்லியம் லாங்ஸ்டன் கண்டறிந்தார். அந்நஞ்சைக் குரங்குகளுக்கு ஊட்டி நோயைச் செயற்கையாக உண்டாக்கவும், மூளையின் எக்கரு மிகையாக இயங்குகின்றது என அறியவும் வழி பிறந்தது. சூழலிலுள்ள நஞ்சுகள், விசேடமாகச் சில பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும், இந்நோய்க்குக் காரணமாகலாம் என்னும் ஐயமும் அன்றுதொட்டு வலுத்தது.

1997ஆம் ஆண்டு மற்றொரு வாயிலைத் திறந்தது. தென்னித்தாலியின் கொந்தூர்சி என்னும் ஊரை மூலமாகக் கொண்ட குடும்பமொன்றிலே தலைமுறை தலைமுறையாக இந்நோய் வந்தது. அவர்களின் பரம்பரையலகு ஒன்றிலே பிழை காணப்பட்டது. அல்பா-சைனுக்கிளீன் என்னும் புரதத்தை ஆக்குவது அப்பரம்பரையலகு. அவ்வாண்டிலேயே, 1912இல் லூவி கண்ட திரட்சிகள் அதே புரதத்தாலானவை என்பதும் தெரியவந்தது. 2003இல் ஜேர்மானியராகிய பிராக், இத்திரட்சிகள் கருநிறப் பட்டையில் அன்றி, பலரிடத்து மணமுணரும் நரம்பிடத்திலும் மூளையின் அடித்தண்டிலும் முதலிலே தோன்றுகின்றன என்று காட்டினார். நடுக்கம் தோன்றுவதற்குப் பல்லாண்டு முன்னரே மணம் உணராமையும் மலச்சிக்கலும் கனவிற் கைகாலை வீசியெறிதலும் ஏன் வருகின்றன என்பது இதனால் விளங்கிற்று.

மணத்தைப் பற்றிப் பேசுகையில் ஸ்கொட்லாந்து நாட்டுத் தாதியொருவரை விட்டுவிடலாகாது. தம் கணவரின் மேனிமணம் நோய் கண்டறியப்படுவதற்குப் பல்லாண்டு முன்னரே மாறிவிட்டதென அவர் உணர்ந்திருந்தார். எடின்பரோ ஆய்வாளர் பன்னிருவர் அணிந்த மேற்சட்டைகளை அவரிடம் கொடுத்தனர். நோயாளர் அறுவரையும் அவர் சரியாகக் கூறினார். நோயற்றவர் ஒருவரையும் நோயாளர் என்றார். அது பிழையென்றே குறிக்கப்பட்டது. எட்டு மாதங்களின் பின் அம்மனிதருக்கும் அந்நோய் இருப்பது வெளிப்பட்டது. தோலிற் சுரக்கும் எண்ணெய்ப்பசையில் அம்மணத்துக்குரிய பொருட்களை மான்செஸ்ரர் ஆய்வுகூடம் 2019இல் இனங்கண்டது. 2023இலோ மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த நீரிற் பிழையான அல்பா-சைனுக்கிளீன் உண்டா என்று பெருக்கிக் காட்டும் சோதனை, 1,123 பேரிடம் செய்யப்பட்டு, நோயாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பேரைச் சரியாகக் காட்டியது. அங்க அசைவை நோக்கி நோயை ஊகித்த நிலை மாறி, நோயின் பொருளையே கண்டறியும் காலம் தொடங்கியுள்ளது.

கண்டறிதல் வேறு, தடுத்தல் வேறு. அப்புரதத்தைப் பற்றியழிக்கச் செய்த பிறபொருளெதிரிகள் இரண்டு 2022இல் வெளிவந்த பரிசோதனை முடிவுகளிற் பயன்தரவில்லை. நீரிழிவுக்குரிய மருந்தொன்று 2017இல் நம்பிக்கையூட்டிற்று. 2025இல் வெளியான பெரும் பரிசோதனை அந்நம்பிக்கையைக் கலைத்தது. அவ்வாண்டு ஏப்பிரிலில், குருத்துக்கலங்களிலிருந்து வளர்த்த டோபமீன் கலங்களை மூளையிற் பதித்த இரு பரிசோதனைகள் ஒருங்கே வெளிவந்தன; ஒன்று வட அமெரிக்காவிலே பன்னிருவரிடத்தும், மற்றொன்று யப்பானின் கியோத்தோவிலே எழுவரிடத்தும் செய்யப்பட்டவை. கலங்கள் உயிர்த்திருந்து டோபமீனைச் சுரந்தன, கட்டிகள் தோன்றவில்லை. தொகை சிறிது, ஒப்பிடுதற்கு வேறு குழு இல்லை. ஆகவே வெற்றிமுரசு கொட்டும் பத்திரிகைத் தலைப்புகளை இப்போதைக்குப் பாதியளவே நம்புதல் நன்று.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2019இல் இந்நோயாளர் 85 இலட்சத்துக்கும் அதிகமானோர். அவர்களுட் பலருக்குக் குருத்துக்கலமும் மின்வாயும் கனவிலும் எட்டாதவை. வறிய நாடுகள் பலவற்றில் லெவோடோபாக் குளிசையே ஒழுங்காகக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் வாங்க இயல்வதில்லை. இக்காரணம் பற்றியே ஆய்வாளரின் கண் மீண்டும் பூனைக்காலியின்மேல் விழுந்தது. 2004இல் இலண்டனில் எண்மரிடம் செய்த சோதனையில் 30 கிராம் விதைத்தூள், வழக்கமான குளிசையிலும் விரைவாகச் செயற்பட்டது. பின்னர் தென்னமெரிக்காவின் பொலிவியாவிலே, குளிசை வாங்க வகையற்ற நோயாளர்க்காக, வறுத்துப் பொடித்த விதையை இத்தாலிய வைத்தியர் சோதித்தனர். 2017இல் வெளிவந்த முடிவின்படி 18 பேரிடத்து ஒருவேளைப் பயன் குளிசையோடு ஒத்திருந்தது. ஆனால் நாள்தோறும் பல வாரங்கள் உண்ணச் செய்த அடுத்த சோதனையிற் பதினால்வருள் எழுவர் வயிற்றுக் கோளாற்றினாலோ நோய்க்குறிகள் மோசமானதாலோ இடைநடுவில் நிறுத்திவிட்டனர். விதைக்கு விதை சத்தின் அளவு வேறுபடுகின்றது. காபிடோபா போன்ற துணைமருந்தும் அதிலே சேர்ந்திருப்பதில்லை. வைத்தியரைக் கேளாது குளிசையை விட்டு விதைத்தூளுக்கு மாறுவது ஆபத்தானது. அளவறிந்து, வாந்தியின்றி, மலிவாக அவ்விதையை எவ்வாறு கொடுக்கலாம் என்னும் வினாவுக்கு இன்னும் விடை தேடப்படுகின்றது.